அத்தியாயம் 6: படம் சீராக ஓடுகிறதா? கிராஃபிக்ஸ் கார்டைச் சோதிக்கும் முறை

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை எஃப்.பி.எஸ். வரும்?" என்பதுதான். கடைக்காரர் ஓர் எண் சொல்வார், யூடியூபில் இன்னோர் எண் கிடைக்கும். நூறு வரும் என்று நம்பி வாங்கி வந்து மாட்டினால், திரையின் மூலையில் நூறுதான் காட்டும். ஆனால் கேமரா திரும்பும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நகரும். கார்டும் பழுதில்லை, எண்ணும் பொய்யில்லை. கேட்ட கேள்வி போதவில்லை. ஒரு வினாடிக்கு எத்தனை ஃபிரேம் வந்தது என்பதோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு இடைவெளியில் வந்தது என்றும் கேட்க வேண்டும். இந்த இடைவெளியின் சீர்தான் ஃபிரேம் பேசிங்.

அதைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே அளக்கலாம். எப்படி அளப்பது, வரும் கோட்டை எப்படிப் படிப்பது, தூத்துக்குடி போன்ற வெக்கையும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் எதைக் கூடுதலாகக் கவனிப்பது என்பவற்றை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

சராசரி எதை மறைக்கிறது

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் ஆண்டு வருமானத்தை 365ஆல் வகுத்தால் ஒரு நாள் சராசரி கிடைக்கும். அந்த எண்ணை வைத்து மே மாதத்தில் படகுக்காரர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, படகு கரையில்தான் நிற்கும். அந்த வெறும் நாட்களைச் சராசரி மற்ற நாட்களின் மேல் பரப்பி மறைத்துவிடுகிறது.

எஃப்.பி.எஸ். எண்ணும் அப்படித்தான். இரண்டு கணினிகளை எடுத்துக்கொள்வோம். முதல் கணினி ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லிசெகண்டில் தருகிறது. ஒரு வினாடியில் 60 ஃபிரேம். இரண்டாவது கணினி 59 ஃபிரேம்களை 13.6 மில்லிசெகண்டில் தந்துவிட்டு, ஒரே ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 198 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது. அதுவும் ஒரு வினாடியில் 60 ஃபிரேம்தான். எண்ணில் இரண்டும் சமம். ஆனால் இரண்டாவது கணினியில் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் படம் உறைந்து நிற்கிறது. குறிபார்த்துக்கொண்டிருக்கும் எதிரி அந்த நேரத்தில் உங்களைச் சுட்டு முடித்துவிடுவான்.

மில்லிசெகண்டில் கணக்குப் போடுங்கள்

ஃபிரேம் நேரம் என்பது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே கழிந்த நேரம். 1000ஐ எஃப்.பி.எஸ். எண்ணால் வகுத்தால் கிடைக்கும்.

- 30 எஃப்.பி.எஸ்.: 33.3 மில்லிசெகண்ட்
- 40 எஃப்.பி.எஸ்.: 25 மில்லிசெகண்ட்
- 60 எஃப்.பி.எஸ்.: 16.7 மில்லிசெகண்ட்
- 120 எஃப்.பி.எஸ்.: 8.3 மில்லிசெகண்ட்
- 144 எஃப்.பி.எஸ்.: 6.9 மில்லிசெகண்ட்

இந்தப் பட்டியலே பணத்தை மிச்சப்படுத்தும். 30இலிருந்து 40க்குப் போனால் ஒவ்வொரு ஃபிரேமிலும் 8.3 மில்லிசெகண்ட் மிச்சம். 120இலிருந்து 144க்குப் போனால் 1.4 மில்லிசெகண்ட்தான். முதல் மாற்றம் கண்ணுக்கு உடனே தெரியும். இரண்டாவதற்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும். நேரக் கணக்கில் பார்த்தால் 40 எஃப்.பி.எஸ். என்பது 30க்கும் 60க்கும் சரியாக நடுவில் நிற்கிறது. 120 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பின்னால் உதவும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் இடைவெளி சீர்குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 2015இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த பிளட்போர்ன் என்ற கேம். அதன் வேகம் 30 எஃப்.பி.எஸ். என்று கட்டப்பட்டது. ஆனால் ஃபிரேம்கள் 33.3 மில்லிசெகண்ட் இடைவெளியில் ஒழுங்காக வராமல், சில 16.7இலும் சில 50இலும் வந்து விழுந்தன. சராசரி 30தான், விளையாடியவர்களுக்கோ அது 30ஐவிடக் குறைவாகத் தோன்றியது. சினிமாவிலும் இதைப் பார்க்கலாம். 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 60 ஹெர்ட்ஸ் டிவியில் போட்டால் ஒரு ஃபிரேம் 33.3 மில்லிசெகண்டும் அடுத்தது 50 மில்லிசெகண்டும் திரையில் நிற்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் தெரியும் அந்த உதறல் இதனால்தான்.

இந்த அளவுகோல் வந்த கதை

2011 செப்டம்பர் வரை கார்டு விமர்சனங்கள் பெரும்பாலும் சராசரி எஃப்.பி.எஸ்.ஸை நம்பியே எழுதப்பட்டன. அந்த மாதம் டெக் ரிப்போர்ட் இணைய இதழில் ஸ்காட் வாசன் ஒரு வினாடிக்குள்ளே நடப்பதைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் வரைபடமாக வரைந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இழுத்த நேரம் மொத்தம் எவ்வளவு என்று தனியே கணக்கிட்டார். சராசரியில் சமமாக நின்ற கார்டுகள் இந்தக் கணக்கில் வெவ்வேறு இடத்தில் நின்றன.

அப்போது எல்லோரும் பயன்படுத்திய ஃபிராப்ஸ் மென்பொருளுக்கு ஒரு குறை இருந்தது. கேம் ஒரு ஃபிரேமை விண்டோஸிடம் ஒப்படைக்கும் இடத்தில்தான் அது நேரத்தைக் குறித்தது. அந்த ஃபிரேம் பிறகு டிரைவர், கார்டு எல்லாம் கடந்து திரைக்கு எப்போது வந்தது என்பது அதற்குத் தெரியாது. 2013இல் என்விடியா எஃப்கேட் என்ற முறையை வெளியிட்டது. ஒவ்வொரு ஃபிரேமின் ஓரத்திலும் வெவ்வேறு நிறப்பட்டை ஒட்டி, மானிட்டருக்குப் போகும் சிக்னலை வேறொரு கணினியில் பதிவு செய்து, பட்டைகளின் உயரத்தை அளப்பதுதான் அந்த முறை. அன்று வசதியுள்ளவர்கள் இரண்டு ஏஎம்டி கார்டுகளைச் சேர்த்து கிராஸ்ஃபயர் முறையில் ஓட்டுவார்கள். எஃப்கேட் பதிவில் பார்த்தால், இரண்டாவது கார்டு தந்த ஃபிரேம்களில் பல, திரையில் சில கோடு உயரமே உள்ள கீற்றாக வந்து மறைந்தன. கணக்கில் அவையும் முழு ஃபிரேம்கள். காகிதத்தில் வேகம் இருமடங்கு, கண்ணுக்குப் பலனோ மிகக் குறைவு.

ஏஎம்டி மறுத்துப் பேசி நேரம் கடத்தவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கேட்டலிஸ்ட் 13.8 பீட்டா டிரைவரில் ஃபிரேம் இடைவெளியைச் சீராக்கும் வசதியைச் சேர்த்தது. சரியாக அளந்து காட்டியதால் பொருள் திருந்தியது. நீங்கள் இன்று வாங்கும் கார்டின் டிரைவர் ஓரளவு சீராக இருப்பதற்கு அந்த இரண்டாண்டு உழைப்பும் ஒரு காரணம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை அறிவுரை: பழைய கார்டு இரண்டைச் சேர்த்து மலிவாகத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அந்தத் தொழில்நுட்பத்தைத் தயாரிப்பாளர்களே கைவிட்டுவிட்டார்கள்.

1% லோ: இரண்டு விதக் கணக்கு

இப்போது விமர்சனங்களில் சராசரிக்குப் பக்கத்தில் 1% லோ என்று ஓர் எண் போடுகிறார்கள். மோசமான ஃபிரேம்களைப் பற்றிய எண் அது. ஆனால் அதைக் கணக்கிட இரண்டு வழி உண்டு. இரண்டும் ஒரே பெயரில் உலவுகின்றன.

ஒரு நிமிடச் சோதனையில் 6000 ஃபிரேம் வந்தது என்று கொள்வோம். அதில் மோசமான 1% என்பது 60 ஃபிரேம். அவற்றில் 57 ஃபிரேம் 20 மில்லிசெகண்ட், 3 ஃபிரேம் 150 மில்லிசெகண்ட். முதல் வழியில், அந்த 60இன் எல்லையில் நிற்கும் ஃபிரேமை மட்டும் எடுப்பார்கள். 20 மில்லிசெகண்ட், அதாவது 50 எஃப்.பி.எஸ். இரண்டாவது வழியில் 60 ஃபிரேமுக்கும் சராசரி எடுப்பார்கள். 26.5 மில்லிசெகண்ட், அதாவது 38 எஃப்.பி.எஸ். ஒரே கார்டு, ஒரே ஓட்டம், இரண்டு விடை. ஆகவே ஒரு விமர்சகரின் 1% லோவை இன்னொருவருடையதோடு ஒப்பிடாதீர்கள். ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. அவை வரிசையைப் பார்ப்பதில்லை. 8, 25, 8, 25 என்று மாறி மாறி வரும் ஓட்டமும், முதல் பாதி முழுவதும் 8, மறுபாதி முழுவதும் 25 என்று வரும் ஓட்டமும் கணக்கில் ஒரே எண்ணைத்தான் தரும். முதலாவது ஓயாமல் உதறும். இரண்டாவதில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் தெரியும். இதனால்தான் எண்ணோடு நிற்காமல் கோட்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

வீட்டில் சோதிக்கும் முறை

கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். இன்டெலின் பிரசென்ட்மான் என்ற கருவியை உள்ளே வைத்து அது வேலை செய்கிறது. என்விடியாவின் ஃபிரேம்வியூவும் இலவசம்தான். எதை எடுத்தாலும் முறை இதுதான்:

1. நெட்டைத் துண்டித்துவிட்டு, தனியாக ஆடும் கேமில் அளக்கவும். ஆன்லைன் ஆட்டத்தில் சர்வர் தாமதமும் கார்டின் தடங்கலும் ஒன்றாகக் கலந்துவிடும்.
2. பிரவுசர், விண்டோஸ் அப்டேட், வைரஸ் ஸ்கேன் எல்லாவற்றையும் நிறுத்தவும்.
3. 20 நிமிடம் விளையாடிக் கணினியைச் சூடாக்கவும். குளிர்ந்த கணினியில் எடுத்த அளவு, நீங்கள் இரண்டு மணி நேரம் ஆடும்போது கிடைக்காது.
4. ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே பாதையில் 60 வினாடி ஓடவும். கட்டடமும் கூட்டமும் நிறைந்த இடமாகத் தேர்ந்தெடுக்கவும். சுவரைப் பார்த்து நின்றால் எல்லாக் கார்டும் நல்ல கார்டுதான்.
5. மூன்று முறை பதிவு செய்யவும். முதல் ஓட்டத்தைத் தனியே வைக்கவும், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.
6. முதலில் வி-சிங்க் (ஃபிரேமை மானிட்டரின் புதுப்பிப்போடு இணைக்கும் வசதி), ஃபிரேம் வரம்பு இரண்டையும் அணைத்து அளக்கவும். பிறகு நீங்கள் வழக்கமாக ஆடும் செட்டிங்கிலேயே மறுபடி அளக்கவும்.
7. டிரைவர் பதிப்பு, ரெசல்யூஷன், செட்டிங்ஸ், அறை வெப்பம் நான்கையும் எழுதிவைக்கவும். இவை இல்லாத அளவு ஆறு மாதம் கழித்து எதற்கும் உதவாது.

கோட்டைப் படிப்பது

வரைபடத்தில் கோடு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு வேகம். எவ்வளவு மெல்லிசாகத் தட்டையாக இருக்கிறதோ அவ்வளவு சீர். தட்டையாக இல்லாவிட்டால் அதன் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

முதல் ஓட்டத்தில் மட்டும் ஈட்டி போல் உயர்ந்து, மறு ஓட்டங்களில் காணாமல் போகும் முனைகள்: கேம் தன் ஷேடர்களை, அதாவது கார்டில் ஓடி ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்களை, அப்போதுதான் தயாரிக்கிறது. டைரக்ட்எக்ஸ் 12 கேம்கள் பலவற்றில் இந்தத் தொல்லை உண்டு. 2022இல் எல்டன் ரிங் கணினிக்கு வந்தபோதும் இந்தப் புகார் எழுந்தது. கார்டை மாற்றி இது தீராது. தொடக்கத்தில் ஷேடர் தயாராகும் திரை வந்தால் அவசரப்பட்டுத் தாண்டாமல் முடியும்வரை காத்திருங்கள்.

புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம், எத்தனை முறை ஓடினாலும் வரும் முனைகள்: கேம் வட்டிலிருந்து புதிய பகுதியை ஏற்றுகிறது. பழைய ஹார்டு டிஸ்கில் கேம் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றினால் பெரும்பாலும் குறையும். எஸ்எஸ்டியிலும் வந்தால் கேமின் வடிவமைப்பில் உள்ள குறை, நீங்கள் செய்ய அதிகமில்லை.

டெக்ஸ்சர் தரத்தை உயர்த்தியதும் வரும் உயரமான முனைகள்: கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டது. இடம் இல்லாதவை கணினியின் ரேமுக்குப் போய் வருகின்றன. 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு இதற்குப் பாடம். 4 ஜிபி நினைவகம், மதர்போர்டோடு பேச நான்கே தடம். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 உள்ள பழைய போர்டில் மாட்டினால் அந்தத் தடத்தின் வேகமும் பாதியாகிவிடும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் தடங்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கார்டு வாங்க வேண்டும். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்துப் பாருங்கள், கோடு உடனே அடங்கும்.

முழு ஓட்டத்திலும் ரம்பப் பல் போல் தடித்த கோடு: பெரும்பாலும் பிராசசர் திணறுகிறது, அல்லது ரேம் ஒற்றைச் சேனலில் ஓடுகிறது. 16 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 8 ஜிபி குச்சி இரண்டு சரியான துளைகளில் இருப்பது நல்லது. தனிக் கார்டு இல்லாமல் பிராசசரின் கிராஃபிக்ஸையே நம்பியிருக்கும் மாணவர்களுக்கு, இருக்கிற பணத்தில் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுதான்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு கோடு மெல்ல மேலேறுவது: சூடு.

நம் ஊர் வெக்கையும் உப்பும்

குளிரூட்டிய அறையில் எடுத்த எண்ணை மே மாத மத்தியானத்தில், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் எதிர்பார்க்கக் கூடாது. அறை 10 டிகிரி கூடினால், ஃபேன் அதே வேகத்தில் சுற்றும்வரை, கார்டின் சூடும் ஏறத்தாழ அதே அளவு கூடும். என்விடியா கார்டுகள் பல 83 டிகிரியை இலக்காக வைத்து, அதை நெருங்கியதும் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தனிக் கார்டில் இது வேகக் குறைவாக மட்டும் தெரியும். லேப்டாப்பில் பிராசசரும் கார்டும் ஒரே குளிர்விப்பானைப் பகிர்வதால் வேகம் ஏறி இறங்கி, கோடு அலைபோல் ஆடும். ஆகவே கார்டை வருடத்தின் மிக மோசமான நேரத்தில் சோதியுங்கள். கத்திரி வெயிலில் மதியம் மூன்று மணிக்குச் சீராக ஓடினால் மார்கழியில் கவலையே வேண்டாம்.

அடுத்தது உப்பு. திரேஸ்புரம், இனிகோ நகர் போலக் கடலை ஒட்டிய வீடுகளிலும், முத்தையாபுரம் போல உப்பளத்தை ஒட்டிய வீடுகளிலும் காற்றில் உப்பு கலந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். அதனால் குளிர்விப்பானின் தகடுகளில் படியும் தூசி உலர்ந்த பொடியாக இல்லாமல் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று புழுதியையும் சேர்த்துக்கொண்டு வரும். ஊரில் இருப்பவர்களுக்கு மூன்று பழக்கம் சொல்கிறேன். கேபினெட்டைக் கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை கணினியை அணைத்துவிட்டுப் புளோயரால் ஊதி, ஒட்டிய தூசியை மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு கார்டைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே சோதனையை எடுத்து வைத்துக்கொண்டால், எவ்வளவு பலன் என்பது கோட்டிலேயே தெரியும்.

சீராக்கும் வழிகள்

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் புதுப் படத்தைக் கேட்கும். வி-சிங்க் போட்டிருக்கும்போது ஒரு ஃபிரேம் 18 மில்லிசெகண்ட் எடுத்தால், அது வண்டியைத் தவறவிட்டு 33.3 வரை காத்திருக்க வேண்டும். 55 எஃப்.பி.எஸ். தரும் கார்டு இதனால்தான் சராசரியில் நன்றாகத் தெரிந்தும் கண்ணுக்கு உதறுகிறது. நிழல், பிரதிபலிப்பு போன்ற செட்டிங்கைக் குறைத்து 60ஐ உறுதியாக எட்டச் செய்யுங்கள். முடியாவிட்டால் வரம்பு போட்டு 30இல் நிறுத்துங்கள். 120 ஹெர்ட்ஸ் மானிட்டரானால் 40இல் நிறுத்தலாம். ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக மூன்று புதுப்பிப்புக்கு நிற்கும்.

வரம்பு போடுவது வேகத்தை வீணாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் 1% லோ எண்ணுக்கு அருகே வரம்பைப் போட்டால், கார்டு பெரும்பாலும் எட்டக்கூடிய வேகத்தில் ஓடும். சூடும் ஃபேன் சத்தமும் மின்செலவும் குறையும். நம் வெக்கையில் இதைவிட மலிவான மருந்து கிடையாது.

கார்டின் வேகத்துக்கு மானிட்டரையே இசையவைக்கும் வழியும் உண்டு. 2013இல் என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015இல் சந்தைக்கு வந்தன. இப்போது நடுத்தர விலை மானிட்டர்களிலேயே இந்த வசதி இருக்கிறது. 45க்கும் 60க்கும் இடையே ஆடும் வேகத்தை இது அழகாக மறைக்கும். 198 மில்லிசெகண்ட் உறைந்து நிற்கும் ஒரு ஃபிரேமை இதனாலும் காப்பாற்ற முடியாது.

செயற்கை ஃபிரேம் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3உம், 2023இல் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3உம் இரண்டு உண்மையான ஃபிரேமுக்கு நடுவே ஒன்றைக் கணித்துச் செருகும் வசதியைக் கொண்டுவந்தன. படம் மென்மையாகத் தெரியும். ஆனால் உங்கள் மவுஸ் அசைவுக்கு கேம் பதில் சொல்வது உண்மையான ஃபிரேமில்தான். 40ஐ 80 ஆக்கிக் காட்டினாலும் கையில் 40தான் தெரியும். இதை அணைத்து எடுத்த அளவைக் கொண்டே கார்டை மதிப்பிடுங்கள்.

வாங்கும் முன்

தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டுக் கடையில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், இரண்டு கார்டுகளுக்கு இடையே தடுமாறும்போது இந்த வரிசையில் கேளுங்கள்: நான் ஆடும் கேமில், என் ரெசல்யூஷனில் இதன் 1% லோ என்ன? ஃபிரேம் நேரக் கோடு தட்டையா, ரம்பமா? நினைவகம் எத்தனை ஜிபி, தடம் எத்தனை? சராசரியைக் கடைசியாகக் கேளுங்கள். சராசரி 100, 1% லோ 45 தரும் கார்டைவிட, சராசரி 85, 1% லோ 68 தரும் கார்டை எடுத்தால் அன்றாடம் நிம்மதியாக ஆடலாம். பழைய கார்டு வாங்குகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் 20 நிமிடம் ஓடவிட்டுக் கோட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.